மருமகன் வீட்டுக் கைதி முன்னோரைத் தேடுவது எப்படி?

கேள்வி: மகளுடன் மெல்போர்னில் இருக்கிறேன். மருமகன் ஆஸ்திரேலியர். அவருடைய முன்னோர் ஒருவர் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பக்கத்திலிருந்து 1833-ல் வான் டீமன்ஸ் லேண்டுக்குக் கைதியாகக் கப்பலேற்றப்பட்டவராம். ஒரு ரொட்டி திருடியதற்கு ஏழு வருடம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பேத்தி பள்ளிக்காகக் குடும்ப வரலாறு எழுத வேண்டும். கையில் இருப்பது அவர் பெயர், கப்பலின் பெயர், ஓரத்தில் ‘டி.எல்.’ என்று கிறுக்கியிருக்கும் ஒரு பழைய தாளின் நகல். ஏழு வருடமும் அவர் சிறையில்தான் இருந்தாரா? மேற்கொண்டு எங்கே தேடுவது?

பதில்: கப்பல் பெயர் இருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. 1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 பேர் இப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். அதில் எத்தனை ஜான் ஸ்மித், எத்தனை வில்லியம் பிரவுன் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். குழப்பம் வராமலிருக்க அதிகாரிகள் ‘இன்ன கப்பலில் வந்த இன்னார்’ என்றே எழுதினார்கள். நம் பக்கம் பெயருக்கு முன்னால் ஊர் ஒட்டிக்கொள்வதுபோல, கைதிக்குக் கப்பல் சாகும்வரை ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரே கப்பல் நாலைந்து தடவைகூடக் கைதிகளை ஏற்றி வந்திருக்கும். அதனால் எந்த வருடப் பயணம் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வான் டீமன்ஸ் லேண்ட் என்பது இன்றைய டாஸ்மேனியா. 1856-ல்தான் பெயரை மாற்றினார்கள். கைதிகள் தீவு என்ற கறை பழைய பெயரோடு போகட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

சிறை விஷயத்துக்கு வருவோம். கைதி என்றதும் நமக்கு அந்தமான் சிறைக்கூடம்தான் கண்முன் வரும். அந்தப் படத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 1833-ல் வான் டீமன்ஸ் லேண்டில் துணை ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் ஆர்தர். கைதிகளைக் குடியேறிகளின் பண்ணைகளுக்கு வேலையாட்களாக ஒதுக்கிக் கொடுப்பதுதான் அப்போதைய ஏற்பாடு. ஏறக்குறைய நான்கு மாதக் கடல் பயணம் முடிந்து தீவின் ஹோபார்ட் துறைமுகத்தில் கப்பல் நின்றதும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். என்ன தொழில் தெரியும், எழுதப் படிக்க வருமா, மனைவி மக்கள் உண்டா, இதற்கு முன் தண்டனை பெற்றதுண்டா? உயரம் அளந்து, தழும்பும் பச்சை குத்தலும் குறித்துக்கொள்வார்கள். லிங்கன்ஷயர் விவசாயக் கூலி என்றால், ஏர் ஓட்டத் தெரிந்தவருக்கு அங்கே நல்ல கிராக்கி.

பண்ணையில் முதலாளி சோறு, துணி, படுக்க இடம் கொடுப்பார். கூலி கிடையாது. பூட்டிய அறையும் கிடையாது. ஆனால் அனுமதி இல்லாமல் இரவு வெளியே போனால் குற்றம், குடித்தால் குற்றம், எதிர்த்துப் பேசினால் குற்றம். முதலாளியே சாட்டை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்ய வேண்டும். அந்த மாஜிஸ்திரேட்டே பல ஊர்களில் இன்னொரு பண்ணைக்காரராக இருந்தார் என்பதுதான் வேடிக்கை. கண்டிப்பில் தொடங்கி, கசையடி, சங்கிலி மாட்டிச் சாலை போடும் வேலை என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும். போர்ட் ஆர்தர் போன்ற கடுமையான தண்டனைக் குடியிருப்புக்குப் போனவர்கள் பெரும்பாலும் இங்கே வந்த பிறகு மறுபடி குற்றம் செய்தவர்கள். உங்கள் மருமகனின் முன்னோர் அங்கே இருந்தார் என்று தாள் சொல்லாதவரை, பேத்தி அதை எழுத வேண்டாம்.

இப்போது அந்த ‘டி.எல்.’ டிக்கெட் ஆஃப் லீவ் என்பதன் சுருக்கம் அது. தண்டனை முடியும் முன்பே, கூலி வாங்கித் தனக்காக உழைத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த அனுமதிச் சீட்டு. ஏழு வருடக்காரர் ஒழுங்காக இருந்தால் நான்கு வருடத்தை ஒட்டிக் கிடைப்பது வழக்கம். சொன்ன மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது, ஆஜர் கொடுக்க வேண்டும். ஒரு தப்பு நடந்தால் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்கு அடுத்து ‘சி.பி.’ என்று இருந்தால் நிபந்தனையோடு மன்னிப்பு. நாடு திரும்ப முடியாது. ‘எஃப்.சி.’ என்றால் விடுதலைச் சான்றிதழ்.

ஏழு வருடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். கப்பல் இறங்கிய நாளிலிருந்து அல்ல, இங்கிலாந்தில் தண்டனை விதித்த நாளிலிருந்து. கார்ன்வாலைச் சேர்ந்த ஜேம்ஸ் ரூஸ் 1782-ல் ஏழு வருடத் தண்டனை பெற்றவர். வருடக்கணக்காகப் பழைய கப்பல் ஒன்றில் அடைத்து வைத்திருந்துவிட்டு, 1788-ல் முதல் கப்பல் கூட்டத்தோடு சிட்னிக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அவருக்கு மிச்சம் ஒன்றரை வருடம்தான். பிறகு சிட்னி அருகே பரமட்டாவில் 30 ஏக்கர் நிலமும் அரசிடமிருந்து பெற்றார். உங்கள் ஆளுக்கும் தீர்ப்புத் தேதி கிடைத்தால் விடுதலை வருடம் தானே வந்துவிடும்.

அப்புறம் அந்த ரொட்டி. இந்தக் கதை இல்லாத கைதிக் குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை! 1830-களில் வந்தவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு தடவையாவது தண்டனை பெற்றவர்கள். ஆடு, துணிமணி, முதலாளி வீட்டுப் பொருள் என்று திருட்டு வகைகள் நீளும். திருடாதவர்களும் உண்டு. 1834-ல் டார்செட்டின் டோல்பட்டில் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேரை, சங்கம் அமைத்து ரகசிய உறுதிமொழி எடுத்ததற்காக ஏழு வருடம் அனுப்பினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 1836-ல் மன்னிப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே ரொட்டியை நம்பவும் வேண்டாம், பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். தாளைப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம். பெயரைப் போட்டுத் தேடலாம், பக்கங்களின் படமும் இலவசம். 1833-ல் வந்த ஆண் என்றால் ‘கான் 31’ என்ற நடத்தைப் பதிவேடு. அதில் இங்கிலாந்துச் சிறையும் மிதவைச் சிறையும் (கைதிகளை அடைத்து வைத்த பழைய கப்பல்) அனுப்பிய நடத்தைக் குறிப்புக்குப் பிறகு, கைதியே தன் வாயால் சொன்ன குற்றமும் இருக்கும். ரொட்டியா ஆடா என்பது அங்கேயே தெரிந்துவிடலாம். பக்கத்தில் ஒரு போலீஸ் எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்; மற்றப் பதிவேடுகளில் அதே ஆள்தானா என்று சரிபார்க்க உதவும். திருமண அனுமதி விண்ணப்பங்களையும் தவறவிடாதீர்கள். கைதியாக இருந்தவரை கல்யாணத்துக்கும் அரசிடம்தான் கேட்க வேண்டும்.

வழக்கு லண்டனில் நடந்திருந்தால் ஓல்ட் பெய்லி நீதிமன்றப் பதிவுகள் இணையத்திலேயே இருக்கின்றன. லிங்கன்ஷயர் வழக்கு அங்கே கிடைக்காது; அந்த மாவட்டக் காப்பகத்தையும் உள்ளூர்ப் பழைய செய்தித்தாள்களையும் பார்க்க வேண்டும். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘எச்.ஓ. 17’ என்ற தொகுப்பில் கருணை மனுக்கள் இருக்கின்றன. மனைவியோ ஊர்க்காரர்களோ ‘இவர் நல்லவர், விட்டுவிடுங்கள்’ என்று எழுதிய மனு ஒன்று கிடைத்தால் அதைவிடப் பெரிய புதையல் இல்லை.

நடத்தைப் பதிவேட்டைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அது தப்பு நடந்தால் மட்டும் எழுதும் ஏடு. இரண்டு தடவை குடித்தார், ஒரு தடவை ஓடினார் என்று இருந்தால் மொத்த வாழ்க்கையும் அப்படித்தான் என்று தோன்றும். அந்த மூன்று நாள் போக மற்ற நாளெல்லாம் அவர் காலையில் எழுந்து உழப் போயிருக்கிறார். பக்கம் முக்கால்வாசி காலியாக இருந்தால் ஏமாற வேண்டாம், மனிதர் மாட்டாமல் காலம் தள்ளியிருக்கிறார்.

பள்ளிக் கட்டுரை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் உழுத நிலம் யாருடையது? 1820-களிலிருந்தே குடியேறிகளுக்கும் தீவின் பூர்வகுடிகளுக்கும் கடும் சண்டை. 1830-ல் ராணுவத்தினர், குடியேறிகள், கைதிகள் என 2,200 பேரை வரிசையாக நிறுத்திப் பூர்வகுடிகளைத் துரத்தப் பார்த்தார் ஆர்தர். உங்கள் ஆள் வந்து இறங்கியது அதற்கு மூன்றே வருடம் கழித்து. அந்த மண்ணைப் பற்றி ஒரு பத்தியாவது பேத்தி எழுதட்டும்.

விடுதலைக்குப் பிறகு ஊர் திரும்ப அரசு கப்பல் கட்டணம் கொடுக்கவில்லை. பெரும்பாலோர் திரும்பவும் இல்லை. பலர் கடலைத் தாண்டி மெல்போர்ன் பக்கம் வந்தார்கள். 1851-ல் தங்கம் கிடைத்தபின் இன்னும் அதிகம். பழைய கைதிகள் வராமல் தடுக்க, மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா காலனி 1852-ல் சட்டமே போட்டது. அதனால் ‘சொந்தச் செலவில் வந்தேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களும், பெயரின் எழுத்தை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. உங்கள் மருமகன் குடும்பம் மெல்போர்னில் இருப்பதால் அந்த ஆளின் மரணச் சான்றிதழையும் தேடுங்கள். 1853-க்குப் பிறகான விக்டோரியா சான்றிதழ்களில் பெற்றோர், பிள்ளைகள் பெயர், காலனிகளில் எத்தனை வருடம் வாழ்ந்தார் என்ற விவரங்கள் இருக்கும். அந்த வருடக் கணக்கை 1833-உடன் கூட்டி, இறந்த வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால், ஒன்று அது வேறு ஆள், இல்லை அந்தக் குடும்பத்தில் யாரோ வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.