கிழமை பார்க்கும் வேலை ஸ்கிரிப்டுக்கு எதற்கு?

கேள்வி: குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரக் கடை ஒன்றின் கணக்குக் கணினியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் டெபியன் லினக்ஸ் இயங்குகிறது. தினசரி பேக்கப், வார பேக்கப், பழைய கோப்புகளை அழிப்பது என எல்லாவற்றையும் ஒரே ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) செய்கிறது. எனக்கு முன்பு இருந்தவர்கள் சேர்த்துச் சேர்த்து அது 200 வரிகளைத் தாண்டிவிட்டது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் க்ரான் என்னும் நிரல் அதை இரவு 2 மணிக்கு இயக்கும். ஞாயிறு விடுமுறை என்பதால் சனி இரவே மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவோம். வார பேக்கப் பல மாதங்களாக எடுக்கப்படவில்லை என்பதை இப்போதுதான் கண்டேன். ஸ்கிரிப்டை இணைத்துள்ளேன். எப்படி எளிமையாக்குவது?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: ஸ்கிரிப்டை முழுவதும் படித்தேன். அதில் பாதிக்கு மேற்பட்ட வரிகள், இன்று என்ன கிழமை, மாதத்தின் முதல் நாளா என்று கேட்டு, எந்த வேலையைச் செய்வது என முடிவெடுப்பவை. உங்கள் வார பேக்கப் நின்றதற்கும் அவைதான் காரணம்: ஞாயிறானால் மட்டுமே எடு என்று எழுதியிருக்கிறது, அன்று கணினியோ அணைந்திருக்கிறது.

நாள் பார்ப்பது க்ரானின் வேலை; 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. டெபியனின் ஈடிசி கோப்புறைக்குள் தினம், வாரம், மாதம் என்று க்ரானுக்குத் தனித்தனிக் கோப்புறைகள் உள்ளன. ஒவ்வொரு வேலையையும் சிறு ஸ்கிரிப்டாக்கி உரிய கோப்புறையில் வைத்தால், ரன்-பார்ட்ஸ் என்னும் நிரல் அவற்றைப் பெயர் வரிசைப்படி இயக்கும். ஒன்று பிழையில் முடிந்தாலும் அடுத்தது தடைபடாது. கிழமை கேட்கும் வரிகள் அத்தனையும் தேவையற்றுப் போகும்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. பெயரில் புள்ளி உள்ள கோப்பை ரன்-பார்ட்ஸ் எந்த எச்சரிக்கையும் தராமல் விட்டுவிடும் என்பதால், 'பேக்கப்.எஸ்ஹெச்' என்று பெயரிட்டால் அது ஒருநாளும் ஓடாது. புள்ளியையும் பின்னொட்டையும் நீக்கி, இயக்க அனுமதி கொடுத்து, 'டெஸ்ட்' விருப்பத்துடன் ரன்-பார்ட்ஸை ஓட்டிப் பாருங்கள். இயங்கவிருக்கும் கோப்புகளின் பெயர்கள் மட்டும் திரையில் வரும்.

ஞாயிற்றுச் சிக்கலுக்கு அனாக்ரான் என்னும் நிரலை நிறுவுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது என்று அது குறித்துவைத்து, தவணை கடந்திருந்தால் கணினி மீண்டும் வந்த பிறகு ஓட்டும். ஆனால் அந்த மூன்று கோப்புறைகளும் அதன் பொறுப்பில் போய்விடும். ஆகவே இரவு 2 மணிக்கே நடக்க வேண்டிய தினசரி பேக்கப்பை க்ரான் அட்டவணையில் தனி வரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அழிக்கும் வரிகளைப் படித்தபோதுதான் உண்மையில் அஞ்சினேன். சிடி கட்டளையால் பேக்கப் கோப்புறைக்குச் சென்று, அடுத்த வரியில் ஆர்எம் கட்டளையால் பழையவற்றை அழிக்கிறது உங்கள் ஸ்கிரிப்ட். வெளி வட்டு இணைக்கப்படாமல் அந்தக் கோப்புறையே இல்லாத நாளில் சிடி தோற்கும். கட்டளைகளை இயக்கும் ஷெல்லோ நிற்காமல் அடுத்த வரிக்குச் சென்று, தான் அப்போது இருக்கும் இடத்தில் உள்ளவற்றை அழிக்கும். இதை இன்றே மாற்றுங்கள். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்து, பேக்கப் பெயர் கொண்ட, 30 நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள். லாக் கோப்புகளை, அதாவது நிகழ்வுப் பதிவுகளை, லாக்ரொட்டேட் என்னும் நிரல் பார்த்துக்கொள்ளும்.

'முடிந்தது' என்று அச்சிடும் எக்கோ வரிகளையும் எடுத்துவிடுங்கள். அஞ்சல் வசதி அமைந்த கணினியில், வேலை ஏதேனும் அச்சிட்டால்தான் க்ரான் அஞ்சல் அனுப்பும், அப்போது வருகிற அஞ்சல் பிழையை மட்டுமே சொல்லும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். முதலில் வார பேக்கப்பைத் தனியாக்கி, இரண்டு வாரம் கவனித்து, அந்த நகலிலிருந்து ஒரு கணக்குக் கோப்பை மீட்டுத் திறந்து பார்த்த பின் மற்றவற்றைத் தொடுங்கள்.