தொட்டிப் புல் தண்ணீர் விட்டும் காய்வது ஏன்?

கேள்வி: கடலூர் அருகே கடற்கரை மணலில் வெட்டிவேர் பயிரிடுகிறேன். புதுச்சேரியில் ஒரு விடுதியின் தெருவோரச் சிமெண்ட் தொட்டிகளில், 'வறட்சி தாங்கும்' என்று நர்சரியில் சொன்ன சிவப்பு ஃபவுண்டன் கிராஸ் என்ற அலங்காரப் புல்லை நட்டேன். தினமும் தண்ணீர் விட்டும் சித்திரையில் பாதி காய்ந்துவிட்டது. இதைவிட உறுதியான புல் எது?

பதில்: உங்கள் வயலிலேயே இருக்கிறது. வேர் எடுத்தபின் மிஞ்சும் வெட்டிவேர்த் தூர்களைப் பிரித்து, இலைத்தாளை அரை அடிக்கு நறுக்கி நடுங்கள். வெயிலையும் உப்புக்காற்றையும் அது தாங்கும். இராவணன் மீசை என்ற புல்லும் கடற்கரை மணலுக்கு ஏற்றதுதான் என்றாலும், அதன் இலைமுனை குத்தும் என்பதால் ஆள் நடமாடும் இடத்தில் வேண்டாம்.

ஆனால், எந்தப் புல் என்பதைவிட, எவ்வளவு மண்ணில், எத்தகைய மண்ணில் என்பதையே நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வறட்சி தாங்கும் புல் என்பது பெரும்பாலும் ஆழத்தில் ஈரத்தைத் தேடிப் போகும் புல். ஓரடித் தொட்டியில் அடைத்தபின் அது எங்கே தேடும்? காய்ந்த தூர் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். நர்சரிப் பையின் வடிவம் மாறாத தேங்காய் நார்க்கழிவு உருண்டையைச் சுற்றியே வேர் வளைந்திருக்கும்; உருண்டையின் நடுப்பகுதி பொடியாக உதிரும். வேர் நிறைந்த உருண்டை ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கிவிடும்; அதன் நடுப்பகுதி எளிதில் நனைவதில்லை. நீங்கள் விட்ட தண்ணீர் ஓரத்து இடுக்கு வழியாகத் துளையில் வெளியேறியிருக்கும்.

நார்க்கழிவு எடை குறைவு, ஏற்றுகூலியும் குறைவு என்பதால் வியாபாரிக்கு அது லாபம். அந்தக் கலவையில் வளர்த்த செடிக்கு 'வறட்சி தாங்கும்' என்று சீட்டு ஒட்டி விற்பது, என் கருத்தில், வாங்குபவரை ஏமாற்றுவதுதான். அலசாத நார்க்கழிவில் உப்பும் மிகுதி. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் என்று நீங்களே கலந்து, இரண்டடி ஆழத் தொட்டியில் நிரப்புங்கள். எந்தச் செடியானாலும் பழைய உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேரைப் பிரித்துவிட்டு நடுங்கள். தினமும் தெளிப்பதைவிட, மண் முழுவதும் நனையும்படி இடைவெளி விட்டு ஊற்றுவது நல்லது.

ஐப்பசி மழைக்கு முன் அடித்துளைகளைக் குத்திவிடுங்கள். விடுதிக்காரர் ஓரடித் தொட்டிதான் வேண்டும் என்றால், எலுமிச்சைப்புல் வைத்துக் கோடையில் தினமும் தண்ணீர் விட ஆள் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அதற்கும் அவர் இசையாவிட்டால் அந்த வேலையை ஏற்க வேண்டாம்.