மேக்னெட்டோ டைமிங்: கேட்டதும் சொன்னதும்

மேக்னெட்டோ என்பது பிளக்குகளுக்கு மின்பொறி தரும் கருவி; எஞ்சினுக்கு இரண்டு, சிலிண்டருக்கு இரண்டு பிளக். பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பொறி விழுகிறது என்பதே டைமிங். பதில்கள் பழைய செஸ்னா 172 விமானங்களில் வந்த லைகமிங் ஓ-320 வகை எஞ்சினை மனதில் வைத்தவை.

சார், ரன்-அப்பில் (புறப்படும் முன் செய்யும் எஞ்சின் சோதனை) ஒரு மேக்னெட்டோவுக்கு மாற்றினால் ஆர்பிஎம் குறையவே இல்லை. நல்லதுதானே? (பயிற்சி விமானி)

இல்லை. ஒரே பிளக் எரிக்கும்போது சிலிண்டரில் தீ பரவ நேரம் கூடும், ஆர்பிஎம் விழத்தான் வேண்டும். பழைய 172 கையேடுகளில் 1700 ஆர்பிஎம்மில் 125 வரை விழலாம், இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. விழவே இல்லை என்றால் டைமிங் முந்தியிருக்கலாம், அல்லது பி-லீட் வயர் (சாவியை ஆஃப் செய்யும்போது மேக்னெட்டோவை அணைப்பது) அறுந்திருக்கலாம். அறுந்திருந்தால் சாவியை ஆஃப் செய்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். கையால் புரொப்பெல்லரை அசைத்தாலே எஞ்சின் பற்றிக்கொள்ளும். யாரையும் கிட்டே விடாதீர்கள், உடனே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

எஞ்சினின் டேட்டா பிளேட்டில் இருப்பதை. பல ஓ-320-களுக்கு 25. கான்டினென்டல் ஓ-200-க்கு முதலில் 28 இருந்தது, பிறகு 24 ஆக்கினார்கள்.

அண்ணா, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இரண்டு மூன்று டிகிரி மாறி வருகிறதே?

கியர்களுக்கு இடையிலுள்ள தளர்ச்சிதான், தம்பி. டைமிங் லைட் (பொறி விழும் கணத்தைக் காட்டும் கருவி) வேலை செய்ய சாவி 'போத்'தில் இருக்க வேண்டும், அதாவது இரண்டு மேக்னெட்டோவும் உயிரோடு. அதனால் முதலில் சிலிண்டருக்கு ஒரு பிளக்காவது கழற்று. முதல் சிலிண்டர் ஓட்டையில் கட்டை விரலை வைத்துக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கைக் கண்டுபிடி. எஞ்சின் சுற்றும் திசையிலேயே உச்சி தாண்டும்வரை திருப்பினால் இம்பல்ஸ் கப்ளிங் (ஸ்டார்ட் செய்ய உதவும் மேக்னெட்டோவின் ஸ்பிரிங் இணைப்பு) 'டக்' என்று விடும். அப்புறம் உச்சிக்கு முன் 35 டிகிரி வரை பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால் மெதுவாக 25-க்கு வா. குறியைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சரிக்கட்டாதே, தளர்ச்சி புகுந்துவிடும்; 35-இலிருந்து மறுபடி வா.

100 மணி நேரச் சோதனையில் 22 காட்டியது. மேக்னெட்டோவைத் திருப்பி 25-க்கு வைத்துவிட்டேன். போதுமா?

போதாது. உள்ளே ஏதோ தேய்ந்ததால்தான் 22 ஆனது. பாயிண்ட் என்பது திறக்கும்போது பொறியைத் தரும் மின் தொடர்பு, அதைத் திறப்பது சுழலும் கேம். கேமில் உரசும் பகுதி தேய்ந்தால் பாயிண்ட் இடைவெளி குறையும், திறப்பது தாமதமாகும். பாயிண்ட்டே எரிந்து தேய்ந்தால் நேர்மாறாக முந்தும். வெளியே திருப்பினால் டிகிரி சரியாகும், ஆனால் ரோட்டரின் காந்தம் எங்கே நிற்கும்போது பாயிண்ட் திறக்கிறது என்ற உள் அளவு சரியாகாது. பொறி பலவீனமாகவே இருக்கும். கழற்றித் திறந்து பாருங்கள். எப்படியும் 500 மணிக்கு ஒருமுறை உட்சோதனை உண்டு, அதுவரை காத்திருக்க வேண்டாம்.

இலகு விமானங்களில் வரும் ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கும் இதே முறையா?

இல்லை. அதில் பாயிண்ட்டே கிடையாது, மின்னணு இக்னிஷன். திருப்பி வைக்க ஒன்றும் இல்லை.