அம்மம்மாவின் ஓகஸ்ட் பயிற்சி எங்கே நடந்திருக்கும்?

ஆசிரியையான உங்கள் அம்மம்மாவின் 1950களின் கடிதத்தில் 'ஓகஸ்ட் பயிற்சி' என்று மட்டும் இருக்கிறது, அது எந்த ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஊர்ப்புற ஆசிரியர்கள் பலர் கோடை விடுமுறையில் ஆசிரியர் கல்லூரிகளுக்குப் படிக்கப் போவார்கள். இலங்கையில் நமக்கு ஏது கோடைத் தவணை? ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள்தான். அம்மம்மா வேலையில் இருந்துகொண்டே ஓகஸ்ட் விடுமுறையில் படித்தவராக இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தின் கோப்பாய், பலாலி இரண்டு கலாசாலைகளையுமே பாருங்கள். கோப்பாய் 1923இல் தொடங்கியது. பலாலி கொஞ்சம் சிக்கல். 1990இல் அந்தப் பகுதியே இடம்பெயர்ந்தது, பிறகு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. அங்கே பழைய இடாப்பு (பெயர்ப் பதிவேடு) கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அதைவிட அம்மம்மாவின் ஓய்வூதியக் கோவை நல்ல வழி. பயிற்சிச் சான்றிதழின் பிரதி அதில் இருக்கக்கூடும். பிரதேச செயலகத்தில் முதலில் கேளுங்கள். அப்புறம் 'நூலகம்' என்ற இலங்கைத் தமிழ் மின்நூலக இணையத்தளத்தில் கலாசாலைகளின் பழைய சிறப்பு மலர்களையும் ஒருக்கால் தேடுங்கள்.