களமும் காயமும்: வாசகர் கேள்வி – பதில்

மகன் 14 வயது. இந்த வருடம்தான் கடினப்பந்துக்கு மாறியிருக்கிறான். மச்சானின் மகன் கனடாவுக்குப் போகும்போது விட்டுச்சென்ற தலைக்கவசம் ஒன்று வீட்டில் இருக்கிறது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. அதையே கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, கொக்குவில்

கவசத்தைக் கவிழ்த்து உள்ளே ஒட்டியிருக்கும் சிட்டையைப் பாருங்கள். 'பி.எஸ். 7928:2013' (துடுப்பாட்டத் தலைக்கவசங்களுக்கான பிரித்தானியத் தரம்) என்று இருந்தால் மேலே வாசியுங்கள். 1998 என்று இருந்தாலோ சிட்டையே இல்லாவிட்டாலோ, அதை அலுமாரிக்கு மேலேயே விட்டுவிடுங்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், வேகமாக வரும் பந்து, முகத்துக்கு முன்னாலுள்ள கம்பிக் கிறிலுக்கும் நெற்றி விளிம்புக்கும் இடையால் புகுந்து முகத்தில் அடிக்குமா என்பதைப் பழைய தரம் சோதிக்கவில்லை. 2013 தரத்தில்தான் உண்மையான ஆட்ட வேகத்தில் பந்தை எறிந்து அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதிலும் பெரியவர் பந்து வேறு, சிறுவர் பந்து வேறு. பெரியவர் பந்து 155.9 முதல் 163 கிராம். சிறுவர் பந்து அதைவிடச் சிறியது, பாரமும் குறைவு. பெரிய பந்தை மறிக்கும் இடைவெளியால் சிறிய பந்து போய்விடலாம். ஆகவே மகன் எந்தப் பந்தில் ஆடுகிறானோ அந்தப் பந்துக்குச் சோதிக்கப்பட்டதா என்றும் சிட்டையில் பாருங்கள். இரண்டுக்கும் சோதித்தவையும் கடைகளில் உண்டு.

அடுத்தது, நீங்கள் சொன்ன அந்த 'கீறல்கூட இல்லை'. ஓட்டின் உட்புறம் பல கவசங்களில் ரெஜிபோம் போன்ற இறுக்கமான பொருள்தான் இருக்கும். பலமான அடி விழும்போது அது நசுங்கி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. வெளி ஓடோ ஒன்றும் நடக்காததுபோல் பளபளவென்று இருக்கும். முன்பு ஆடியவரிடம், இதைப் போட்டிருந்தபோது தலையில் பந்து பட்டதா என்று ஒரு 'வட்ஸ்அப்' அனுப்பிக் கேளுங்கள். பட்டது என்றால் வேண்டாம். கிறில் வளைந்திருந்தால் குறடால் நிமிர்த்தவும் வேண்டாம், அந்தக் கம்பி அடுத்த அடிக்கு முதலில் வளைந்த இடத்திலேயே விட்டுக்கொடுக்கும். அதே கம்பனியின் அதே மாதிரிக் கிறிலை வாங்கி, அதனுடன் வரும் திருகாணியால் பூட்டுங்கள். தின்னர், பெற்றோல் கொண்டு துடைப்பதும் இல்லத்தின் நிறத்தைப் பூசுவதும் ஓட்டைப் பழுதாக்கும்.

இவ்வளவும் தேறினால் அளவு. போட்டுக்கொண்டு, நாடிவார் பூட்டாமல், தலையை இரண்டு பக்கமும் ஆட்டச் சொல்லுங்கள். கவசம் தலையோடு சேர்ந்து திரும்பவேண்டும். அது நிற்க, தலை மட்டும் உள்ளே திரும்பக்கூடாது. பின்னால் சில்லு இருந்தால் அதை இறுக்கிப் பாருங்கள். 'வளர்ந்த பிறகும் உதவட்டும்' என்று ஒரு அளவு கூட்டி வாங்கும் வழக்கம் சப்பாத்துக்குச் சரிவரலாம், இதற்குச் சரிவராது. கடைசியாக, பந்தைக் கையில் எடுத்துக் கிறிலுக்கும் நெற்றி விளிம்புக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். கையால் அழுத்தும்போதே அரைவாசி உள்ளே போகும் என்றால், அடி வேகத்தில் விளிம்பு மேலே வளைய முழுப்பந்தும் போகும். கிறிலை மேலே தூக்கிப் பூட்டுங்கள். பார்வைக்கு மறைக்கிறது என்று பிள்ளைகள் இறக்கிவிடுவார்கள், கவனம்.

கவசத்தின் பின்புறம் கழுத்துக் காப்பும் பூட்டுங்கள். 2014 நவம்பரில் சிட்னியில் அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் பிலிப் ஹியூஸ் கவசம் அணிந்துதான் ஆடினார். பந்து பட்டது கவசத்துக்குக் கீழே, இடது கழுத்தில். இரண்டு நாளில் இறந்துபோனார். அவுஸ்திரேலியத் துடுப்பாட்டச் சபை 2023 ஒக்டோபரிலிருந்து, வேகப்பந்துக்கு எதிராகத் துடுப்பெடுத்தாடுவோருக்குக் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

தலையில் பந்து பட்டு, ஒரு நிமிடத்தில் எழும்பி 'ஒண்டுமில்லை சேர்' என்று சொல்லும் பிள்ளையைத் தொடர்ந்து ஆட விடலாமா?
– பயிற்றுநர், வட்டுக்கோட்டை

விடக்கூடாது. மூளை அதிர்ச்சியில் பெரும்பாலானோர் மயங்கி விழுவதில்லை. சில அறிகுறிகள் மணிக்கணக்கில் பிந்தியும் வரும். 'எந்த மைதானத்தில் நிற்கிறோம்? இப்ப எந்தப் பாதி ஆட்டம்? போனகிழமை யாரோடு ஆடினோம்?' என்று கேளுங்கள். பதில் பிந்தினாலோ பிழைத்தாலோ அதிர்ச்சி என்றே எடுங்கள். ஆனால் எல்லாம் சரியாகச் சொன்னான் என்பதற்காக மீண்டும் களத்துக்கு அனுப்பாதீர்கள். சந்தேகம் என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சர்வதேசத் துடுப்பாட்டத்தில் 2019 ஓகஸ்ட் முதல் இதற்கென்றே மாற்றுவீரரை அனுமதிக்கிறார்கள். பாடசாலை ஆட்டத்திலும் எதிரணியோடு முன்கூட்டியே பேசி அப்படி ஒரு ஒழுங்கு செய்துவைத்தால், 'ஒரு ஆள் குறையுதே' என்ற நெருக்கடி உங்களுக்கும் இராது.

கழுத்து நோ, திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, இரட்டைப் பார்வை, கை கால் விறைப்பு, வலிப்பு, வரவரக் குழம்பிய பேச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். கழுத்து நோ இருந்தால் கவசத்தைக் கழற்றாமல், ஆளையும் அசைக்காமல் வைத்திருங்கள்.

மற்றவர்களுக்கு முதல் 24 முதல் 48 மணித்தியாலம் ஓரளவு ஓய்வு போதும். இருட்டறையில் படுக்கவைக்கும் பழைய முறையை இப்போது யாரும் சொல்வதில்லை. மெல்ல நடக்கலாம், கைத்தொலைபேசியைத்தான் குறைக்கவேண்டும். பிறகு இலேசான ஓட்டம், தனிப் பயிற்சி, வலைப் பயிற்சி என்று படிப்படியாக, ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். முட்டுப்படக்கூடிய பயிற்சிக்கு வைத்தியரின் சம்மதம் வேண்டும். பாடசாலைக்குத் திரும்பாத பிள்ளை ஆட்டத்துக்குத் திரும்பக்கூடாது.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன் மரதன் ஓடுகிறோம். சிலர் குளுக்கோஸ் மாவை வாயில் கொட்டுகிறார்கள், சிலர் உப்புக் கட்டியை விழுங்குகிறார்கள், சிலர் ஒரேயடியாக இரண்டு போத்தல் தண்ணீர் குடிக்கிறார்கள். எது சரி?
– உயர்தர மாணவி, சண்டிலிப்பாய்

மூன்றும் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்குத் தேவையான சீனி உங்கள் தசையிலேயே இருக்கிறது. காய்ந்த வாயில் மாவைக் கொட்டினால் புரையேறும். உப்புக் கட்டி குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றைப் பிரட்டும்.

அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் உண்மையிலேயே ஆபத்து. 2002 பொஸ்ரன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது 13 வீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஓட்டத்தின் முடிவில் தொடக்கத்தைவிட நிறை கூடியிருந்தார்கள், அதாவது வியர்த்ததைவிடக் கூடக் குடித்திருந்தார்கள்.

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். பயிற்சி நாளொன்றில் சலம் கழித்துவிட்டு, குறைந்த உடுப்போடு நிறை பாருங்கள். ஓடி முடித்து, வியர்வையைத் துடைத்து, மறுபடி பாருங்கள். 52 கிலோ 51.2 ஆகி, இடையில் 300 மில்லிலீற்றர் குடித்திருந்தால் வியர்த்தது 1.1 லீற்றர். நிறையில் 2 வீதத்துக்கு மேல் குறையாமலும், ஒருபோதும் கூடாமலும் இருந்தால் சரி. 52 கிலோவுக்கு அந்த 2 வீதம் ஏறக்குறைய ஒரு கிலோ. ஓடும்போது தாகத்துக்குக் குடியுங்கள். முடிந்தபின் சோறும் சொதியும் இழந்த உப்பைத் தந்துவிடும். சாப்பாடு பிந்தும் என்றால் ஒரு பைக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனி மாவு) ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். அது கிடைக்காவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் தேசிக்காய். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொற்றாசியம் கூட, சோடியம் குறைவு.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர்மேலே நிற்கும். அதற்கு முந்திய வாரங்களும் இலேசானவை அல்ல. வெயிலில் ஓடும் ஒருவர் தள்ளாடி, பெயர் கேட்டால் உளறினால் அது வெறும் களைப்பல்ல, உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். ஒருவர் 1990க்கு அழைக்க, மற்றவர்கள் அந்த இடத்திலேயே குளிரவைக்கத் தொடங்கவேண்டும். அம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கிணற்றடித் தொட்டி இருந்தால் அதில் கழுத்துவரை இறக்கி, மார்பைச் சுற்றித் துவாய் போட்டு ஒருவர் பின்னாலிருந்து தாங்கவேண்டும். தொட்டி இல்லையா, படங்கு ஒன்றை ஆறு பேர் ஓரங்களில் தூக்கிப் பிடித்து, ஆளை நடுவில் கிடத்தி, தண்ணீரும் ஐஸும் கொட்டி, படங்கை அப்படியும் இப்படியும் ஆட்டுங்கள். தண்ணீர் அசையாமல் நின்றால் உடலை ஒட்டிய படை சூடாகிவிடும், அதற்காகத்தான் ஆட்டுவது. ஐஸ் இருந்தால் 10 முதல் 15 நிமிடம், அல்லது நடுங்கத் தொடங்கும்வரை. ஐஸ் இல்லாவிட்டால் அம்புலன்ஸ் வரும்வரை கிணற்றுத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். உளறுகிறவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். போட்டி நாளில் படங்கும் ஒரு பெட்டி ஐஸும் முடிவுக் கோட்டருகே இருப்பது, மாலைகளும் கேடயங்களும் இருப்பதைவிட முக்கியம்.

உதைபந்தாட்டத்தில் ஒவ்வொரு பருவமும் இரண்டு மூன்று பேருக்குப் பின்தொடை பிடிக்கிறது. ஆட்டத்துக்கு முன் நன்றாக இழுத்துவிட்டும் பயனில்லை.
– கழகச் செயலாளர், குருநகர்

இழுப்பதால் அது நிற்காது. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து இழுத்தால் அதன் வலு சற்றுக் குறையும், அவ்வளவுதான். பின்தொடை பெரும்பாலும் கிழிவது, முழுவேகத்தில் ஓடும்போது முன்னே வீசிய காலை அந்தத் தசை நீண்டுகொண்டே தடுத்து நிறுத்தும் கணத்தில். ஆகவே நீளும்போது வலுக்கொடுக்கப் பழக்கவேண்டும்.

இதற்கு 'நோர்டிக்' பயிற்சி. டென்மார்க்கில் 50 அணிகளின் 942 வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2011 இல் வெளியிட்டார்கள்: இதைச் செய்த பக்கத்தில் 15 பின்தொடைக் காயங்கள், செய்யாத பக்கத்தில் 52. செலவு ஒரு பாய்.

பாயில் முழந்தாளிட, தோழர் இரு கணுக்கால்களையும் நிலத்தோடு அமர்த்திப் பிடிக்கவேண்டும். முழங்காலிலிருந்து தோள்வரை ஒரே பலகைபோல் வைத்து, முடிந்தளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். தாக்குப்பிடிக்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழுந்து, கைகளால் தள்ளியே மேலே வாருங்கள். எல்லாரும் விடும் பிழை இடுப்பை மடித்துப் பின்னால் தள்ளுவது. அப்போது பாரம் தொடையை விட்டுப் போய்விடும். முதல் கிழமை ஒரே ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு தடவை. இரண்டாம் கிழமை இரண்டு நாள், ஆறு ஆறாக இரண்டு தடவை. மூன்றாம் கிழமையிலிருந்து மூன்று நாள், மூன்று தடவை, ஆறு முதல் எட்டு. பிறகு பத்துவரை கூட்டலாம். முதல் நாளே முப்பது செய்தவர்கள் மறுநாள் படி இறங்கமுடியாமல் நொந்து, அதோடு விட்டுவிடுவார்கள். பயிற்சியின் முடிவில் செய்யுங்கள், போட்டிக்கு முதல்நாள் வேண்டாம். பருவம் தொடங்கிய பின்னும் கிழமைக்கு ஒரு நாளாவது தொடரவேண்டும்.

கரப்பந்தில் பாய்ந்து இறங்கும்போது கணுக்கால் பிரண்டால் எண்ணெய் போட்டு உருவலாமா, எக்ஸ்ரே எடுக்கவேண்டுமா?
– வாசகி, ஆவரங்கால்

முதலில் எலும்பைப் பாருங்கள். உள், வெளிக் கணுக்கால் மொளியின் பின்விளிம்பையும் நுனியையும், நுனியிலிருந்து மேலே ஆறு சென்ரிமீற்றர் வரை விரலால் அமர்த்துங்கள். பிறகு பாதத்தின் வெளியோரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உள்வளைவின் மேல்முனையையும் அமர்த்துங்கள். இவற்றில் எங்காவது எலும்பிலேயே நோ இருந்தால், அல்லது நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே. ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992 இல் வகுத்த இந்த விதிகளை உலகம் முழுவதும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். அதுவரை உருவவேண்டாம், வெடிப்பு இருந்தால் விலகிவிடும். வெடிப்பு இல்லையென்றாலும் முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெயும் சூடும் வேண்டாம், வீக்கம் கூடும். துணிப்பட்டையால் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். நோ தாங்குமளவுக்கு நடக்கத் தொடங்குங்கள்.

15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் எத்தனை ஓவர் போடலாம்?
– ஒரு தாய், சுண்டுக்குளி

இங்கிலாந்துத் துடுப்பாட்டச் சபையின் அளவு: தொடர்ந்து 6 ஓவர், ஒரு நாளுக்கு 12. 13 வயதுக்குட்பட்டோருக்கு 5, 10. வலையில் வீசுவதையும் எண்ணுங்கள், பயிற்றுநர்கள் மறப்பது அதைத்தான். வலக்கையால் வீசும் பிள்ளை இடுப்பின் இடப்பக்கம் நோகிறது என்றால், ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளையச் சொல்லுங்கள். அப்போது நோ கூடினால் முள்ளந்தண்டில் அழுத்த வெடிப்பு இருக்கலாம். அன்றே பந்துவீச்சை நிறுத்தி வைத்தியரிடம் கூட்டிச்செல்லுங்கள்.