மாடு மேய்க்க அமெரிக்கா போனவனின் அக்கா பேசுகிறேன்

கேள்வி: அமெரிக்காவில் இறைச்சி மாடுகளின் தீவனம், மேய்ச்சல் நிலம், மாட்டுக்கு வரும் மன அழுத்தம் என்றெல்லாம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார்களாமே. மாடு மேய்ப்பதில் ஆராய என்ன இருக்கிறது? நம் ஊருக்கு அதனால் என்ன பயன்?

நாலு நாளாக இந்தக் கேள்வி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு பிள்ளை கால்நடைப் படிப்பு முடித்துவிட்டு மேற்கொண்டு இதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறது போல. இல்லாவிட்டால் இவ்வளவு குறிப்பாகக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

என் தம்பி நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மொன்டானாவுக்குப் போனவன். அவன் விமானம் ஏறிய வாரமே எங்கள் சொந்தத்தில் ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "படிக்கலைன்னா மாடுதான் மேய்க்கணும்னு பிள்ளைங்களை மிரட்டுவோம். இவன் படிச்சு முடிச்சுட்டுல்ல மாடு மேய்க்கப் போயிருக்கான்" என்றார். பந்தியே சிரித்தது. நானும் ரசத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்து வைத்தேன். அவனுக்குப் பெண் பார்த்த மூன்று வருடமும் இதே கதைதான். "அமெரிக்கா" என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள், "மாட்டு டாக்டரா" என்றதும் காபி ஆறிவிடும்.

நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூ வரைதான் படிப்பு. சேர்வராயன் மலை அடிவாரத்தில், குப்பனூர் பக்கம், ஐந்து மாடு வைத்திருக்கிறேன். தம்பி போனில் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். படித்தவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள். அப்புறம், இறைச்சி மாடு என்ற சொல்லைப் பார்த்ததும் கீழே சண்டை பிடிக்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டு மாடுகள் பாலுக்கு. ஆனால் கறவை வற்றிய மாடு சந்தையில் கைமாறி எங்கே போகிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நினைவிருக்கும். அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையுமே வறட்சி பாதித்த மாநிலம் என்று அறிவித்தார்கள். தீவனம் இல்லாமல் ஆளாளுக்கு மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள், விலை விழுந்தது. எல்லோரும் விற்கும்போது வாங்குகிறவன்தான் பிழைப்பான் என்று எனக்குள் ஒரு கணக்கு. ஏப்ரலில் என் கொழுந்தனாரோடு வீரகனூர் சந்தைக்குப் போய் மூன்று கலப்பினக் கிடேரி பிடித்தேன். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசி முடித்த விலையைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருந்தது, அவ்வளவு மலிவு.

குட்டியானை வண்டியில் ஏற்றும்போதே தகராறு. முதல் இரண்டும் ஏறிவிட்டன. மூன்றாவது, கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது, பலகையில் கால் வைப்பதும் பின்னால் இழுப்பதுமாக நின்றது. வாலை முறுக்கினார்கள், குச்சியால் குத்தினார்கள். வண்டியின் பக்கவாட்டில் ஒரு நீலத் தார்ப்பாய் கிழிந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். பின்னாளில் தம்பி சொன்னான்: டெம்பிள் கிராண்டின் என்று ஒரு அம்மா, ஆட்டிசம் உள்ளவர், கொலராடோவில் பேராசிரியர். மாடு எதைப் பார்த்து மிரள்கிறது என்று தெரிந்துகொள்ள, மாடு நடக்கும் வழியிலேயே தானும் குனிந்து நடந்து பார்த்தவராம். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், ஆடும் துணி, இதெல்லாம்தான் காரணம் என்று கண்டு, அதை எடுத்துவிட்டால் அடிக்காமலே மாடு நடக்கும் என்று காட்டியிருக்கிறார். அன்றைக்கு அந்தத் தார்ப்பாயை அவிழ்த்திருந்தால் போதும். நாங்கள் வாலை முறுக்கினோம்.

இரண்டரை மணி நேரம் வெயிலில் வண்டி. வீடு வந்து சேர்ந்ததும் தண்ணீர் காட்டினேன், ஒன்றும் சரியாகக் குடிக்கவில்லை. கட்டுத்தரையில் போட வைக்கோல் குறைவு, விலையும் தாங்காது. மறுநாள் காலை என் பழைய மாடுகளோடு சேர்த்துக் கரட்டுக்கு ஓட்டிவிட்டேன். புல் எல்லாம் கருகி முடி மாதிரி நின்றது. அந்தக் கோடையில் பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: உன்னிச்செடி, லண்டானா என்பார்களே அது. ஏற்காடு அடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கரடெல்லாம் அது பிடித்துக் கிடக்கிறது. எங்கள் மாடுகள் அதன் பக்கம் தலை வைத்தும் படுக்காது. மாட்டுக்கு நல்லது கெட்டது தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் அந்தக் கறுப்பு வெள்ளைக் கிடேரி அசை போடுவதை நிறுத்திவிட்டது. சாணி வரவில்லை, வந்ததும் இறுகிய உருண்டை. கண் மஞ்சளித்தது, மூத்திரம் பழுப்பாகப் போனது. வெயிலில் கட்டினால் இழுத்துக்கொண்டு நிழலுக்கு ஓடியது. மூக்கு வெடித்தது. எனக்கு விளங்காதது என்னவென்றால், உடம்பில் வெள்ளை இருந்த இடமெல்லாம் தோல் சிவந்து உரிந்தது, கறுப்பு இருந்த இடம் அப்படியே இருந்தது. அத்தை, என் மாமியார், காமாலைதான் என்று கீழாநெல்லி அரைத்து ஊற்றினார். பக்கத்துத் தோட்டத்தார் கண்ணேறு என்று மிளகாய் சுற்றினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நான் மட்டும் என்ன கிழித்தேன்?

அரசு மருத்துவர் வந்து பார்த்தார். ஒரு பார்வையிலேயே, "உன்னி தின்னிருக்கு. நிழல்லயே வைங்க" என்று சொல்லிக் கரித்தூள் கரைத்து ஊற்றினார், குளுக்கோஸ் ஏற்றினார். ஒன்பதாம் நாள் அது போய்விட்டது. மற்ற இரண்டில் ஒன்றுக்கு லேசாகக் கண் மஞ்சளித்துத் தெளிந்தது.

அன்று இரவு தம்பிக்கு வீடியோ போட்டேன். அவனுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. அழத்தான் போட்டேன், அவன் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான்.

"எங்க பிடிச்ச மாடுக்கா அது?"

"வீரகனூர்."

"அங்க அது கரட்டுல மேஞ்சதா, கட்டுத்தரையில தின்னதா?"

"எனக்கு எப்படிடா தெரியும்."

"வந்து எத்தனை நாள் கழிச்சு மேய விட்ட?"

நான் பதில் சொல்லவில்லை. அவனும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவன் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில்.

எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பது மாட்டுக்குப் பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை. கன்று தாயோடு மேயும்போது தாய் வாய் வைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்கிறது. யூட்டாவில் ஃப்ரெட் புரொவென்சா என்ற ஆய்வாளர் ஆடு மாடுகளை வைத்து வருடக்கணக்கில் இதைத்தான் ஆராய்ந்தாராம். என் பழைய மாடுகள் இந்தக் கரட்டிலேயே பிறந்தவை. கிடேரிகளுக்கு இந்த மலை தெரியாது. அதோடு பயணம். கயிறு, அடி, வெயில், புது இடம் எல்லாம் சேர்ந்தால் மாட்டின் உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு ஏறும், தீனி குறையும், வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும், நோய் எதிர்ப்பும் இறங்கும். அங்கே தாயைப் பிரித்து லாரியில் ஏற்றிக் கொழுக்கவைக்கும் பட்டிக்குக் கொண்டுபோகும் கன்றுகளுக்கு வரும் மூச்சுநோய்தான் அவர்களுக்குப் பெரிய நஷ்டமே. அதனால் வந்த முதல் வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கென்றே தனியாக ஆராய்ச்சி நடக்கிறது. தண்ணீர், நல்ல உலர்ந்த புல், ஓய்வு, அப்புறம்தான் மற்றதெல்லாம். பசித்த மாட்டைப் பழகாத நிலத்தில் விடவே கூடாது என்பது அவர்களுக்குப் பால பாடமாம்.

வெள்ளைத் தோல் மட்டும் உரிந்ததற்கும் கணக்கு இருந்தது. தின்ற பச்சையிலிருந்து மாட்டின் வயிற்றில் ஒரு பொருள் உண்டாகும், அதை ஈரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். உன்னியின் நஞ்சு ஈரலைக் கெடுத்ததும் அது ரத்தத்திலேயே சுற்றும். வெயில் பட்டால் தோலைச் சுடும். கறுப்புத் தோல் வெயிலை மறிக்கும், வெள்ளை மறிக்காது. நிழலுக்கு இழுத்துக்கொண்டு ஓடிய மாட்டை முதல் நாள் நான் திமிர் என்று நினைத்து அடித்தேன்.

இதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் நம் முன்னோர்களுக்கே தெரியும், வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரியணுமா" என்று ஒருவர் வருவார். தெரிந்திருக்கலாம். எங்கள் அத்தைக்கு எழுபது வருட அனுபவம், பக்கத்தில்தான் இருந்தார். பிறந்த மாட்டை வளர்த்த அனுபவம் அது. சந்தையில் பிடித்து வண்டியில் ஏற்றி வந்த மாடு அவருக்கும் புதுசு. ஆனால் காங்கயம் பக்கத்துக் கொறங்காடு என்ற மேய்ச்சல் காட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், ஒரு காட்டில் மேய்த்து முடித்து அடுத்ததற்கு மாற்றுவது. தம்பி அந்தப் படத்தைக் காட்டியபோது அவனுடைய பேராசிரியர் அரைமணி நேரம் கேள்வி கேட்டாராம். அதற்காக, மாற்றி மாற்றி மேய்த்தால் பாலைவனமே பச்சையாகிவிடும் என்று வாட்சப்பில் வரும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். 2008-ல் பிரிஸ்க் என்பவரும் கூட இருந்தவர்களும் பழைய சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, சுழற்சி முறையால் மட்டும் புல்லோ மாட்டின் எடையோ கூடிவிடவில்லை, நிலத்துக்கு ஏற்ற மாட்டு எண்ணிக்கைதான் முக்கியம் என்று எழுதினார்கள். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்களாம், எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். தம்பி இருக்கும் மொன்டானாவில் ஒரு பசு வருடம் முழுக்க மேயப் பல பத்து ஏக்கர் வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றரை ஏக்கர்.

அதனால் எனக்கு அதிகம் உதவியது தீவனக் கதைதான். மிச்சமிருந்த இரண்டும் எலும்பாக நின்றன. சேலத்தில் சேகோ ஆலைக் கிழங்குத் திப்பி, அதாவது மாவு எடுத்த மரவள்ளிச் சக்கை, மலிவாகக் கிடைக்கும், அதை அள்ளிப் போட்டேன், கூடவே சோளத்தட்டு. வயிறு நிறைந்தது, உடம்பு தேறவில்லை. தம்பி சிரித்தான். "மாட்டுக்குத் தீனி போடாதக்கா, அது வயித்துல இருக்கிற நுண்ணுயிருக்குப் போடு." திப்பியில் மாவுச்சத்து மட்டும்தான், புரதம் மிகக் குறைவு. அளவு மிஞ்சினால் வயிற்றில் புளித்து அமிலமாகி மாட்டையே சாய்த்துவிடும். வைக்கோலிலும் காய்ந்த தட்டிலும் புரதம் ரொம்பக் குறைவு. மொத்தத் தீனியில் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்கள் பெருகாது, நாரைச் செரிக்காது, உள்ளே போனது நகராது, மாடும் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். தினமும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு போடச் சொன்னான். போட்டேன். முன்னைவிட அதிகமாகத் தட்டு தின்ன ஆரம்பித்துவிட்டன. இதென்னடா, புண்ணாக்குக்கும் செலவு, தட்டுக்கும் செலவு என்று அவனோடு சண்டை போட்டேன். ஆனால் ஒரு மாதத்தில் விலா எலும்பு மறைந்தது.

யூரியா வைக்கோலும் செய்தேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்துத் தெளித்துக் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைப்பது. இது நம் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்களும் சொல்லித்தருவதுதான். தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டு யூரியாவைக் கழுநீர்த் தொட்டியில் கலக்கிவிடாதீர்கள். மாடு செத்துவிடும், பழி என் மேல் விழும்.

மேய்ச்சல் என்று பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டியெல்லாம் எங்கள் குப்பனூர் வழியாகத்தான் ஏறும். சனி ஞாயிறு மட்டும் மலைமேல் ஆசை வருகிறவர்களே, பீர் பாட்டிலை உடைத்துக் கரட்டில் போடுவதில் உங்களுக்கு என்ன சுகம்? போன வருடம் ஒரு கன்றின் குளம்பு இடுக்கில் கண்ணாடி ஏறி இரண்டு மாதம் நொண்டியது. மாடு குறுக்கே வந்தால் ஹாரனை அழுத்திப் பிடிக்காதீர்கள், அது மிரண்டு உங்கள் வண்டி மேல்தான் விழும். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். இப்போது புது மாடு வந்தால் பத்து நாள் கட்டுத்தரைதான். முதலில் தண்ணீர், காய்ந்த தட்டு, ஆள் நடமாட்டம் குறைவு. பதினோராம் நாள் வயிறு நிரம்பத் தீனி போட்டுவிட்டு, மலை தெரிந்த என் கிழட்டுப் பசுவோடு ஒரு மணி நேரம் மட்டும் விடுவேன். 2017-க்கு அப்புறம் நாலு மாடு அப்படி வந்திருக்கின்றன, உன்னியால் ஒன்றுகூடப் போகவில்லை. நாலு மாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று தம்பியே சொல்லிவிட்டான், ஆகவே நீங்கள் சொல்ல வேண்டாம்.

கரித்தூள் எத்தனை கிராம் என்று கீழே கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மாடு அசை போடாமல் வெயிலைக் கண்டு ஒதுங்கினால் நிழலில் கட்டிவிட்டு 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.