372-க்கும் 382-க்கும் என்ன உறவு? மரம் அறுக்கும் மிஷின் கேள்வி பதில்

செயின்சா வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு விழிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்ததை ஒன்றாக்கிவிட்டேன். நான் மிஷின் பழுது பார்க்கிறவன், விற்கிறவன் இல்லை. ஸ்டில், ஹஸ்க்வர்னா என்று எந்தக் கம்பெனிக்கும் வக்காலத்து வாங்கும் வேலை எனக்குக் கிடையாது.

அண்ணா, தென்னந்தோப்புக்கு வேண்டும். கடையில் ஸ்டில் எம்எஸ் 180, எம்எஸ் 250, ஹஸ்க்வர்னா 236 மூன்றையும் காட்டினார்கள். நம்பரைப் பார்த்தால் 250 பெரிது, 236 நடுவில், 180 சிறிது. சரிதானே? (பொள்ளாச்சி)

விடை சரி, வழி தப்பு. 180-இன் இன்ஜின் 31.8 சிசி, 236 என்பது 38.2, 250 என்பது 45.4. உங்கள் வரிசை தற்செயலாகப் பொருந்திவிட்டது. இதே கணக்கை வேறு இடத்தில் போட்டால் காலை வாரிவிடும்.

ஹஸ்க்வர்னாவில் முதல் எண் சீரிஸ், கடைசி இரண்டு எண்கள் ஏறக்குறைய சிசி. 445 என்றால் 45.7 சிசி, 455 என்றால் 55.5. ‘ஏறக்குறைய’ என்பதை அழுத்திப் படியுங்கள். 120 மார்க் 2 என்று ஒன்று இருக்கிறது. 20 சிசி என்று நினைப்பீர்கள், அதுவும் 38.2தான்.

ஸ்டில் நம்பரில் சிசியே கிடையாது. எம்எஸ் என்பது ஜெர்மனில் மோட்டார் ரம்பம் என்பதன் சுருக்கம். பழைய 026 பிறகு எம்எஸ் 260 ஆனது, அடுத்து 261 வந்தது. 044 அதேபோல் 440, 441 என்று போனது. ஆக முதல் இரண்டு எண்கள் குடும்பம், கடைசி எண் தலைமுறை. எண் பெரிதானால் இன்ஜினும் பெரிதாகத்தான் இருக்கும் என்ற கட்டாயம் இல்லை. எம்எஸ் 382 வாங்கினால் 72.2 சிசி, எம்எஸ் 400 வாங்கினால் 66.8 சிசிதான்.

உங்கள் தோப்பில் விழுந்த மரத்தைத் துண்டு போட 250 எடுங்கள், 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) போதும். தென்னையின் வெளிப்பக்கம் செயின் பல்லைச் சீக்கிரம் மழுக்கும். அரம் எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஹஸ்க்வர்னா 372, ஸ்டில் 382. பத்து நம்பர் கூட இருப்பதால் 382 அடுத்த மாடலா? (செங்கோட்டை)

பக்கத்து வீட்டுக் கதவு எண்ணைப் பார்த்து சொந்தக்காரர் என்று சொல்வது போலாகிவிடும். 372 என்பது 3 சீரிஸில் 70.7 சிசி. 382 என்பது 038, 380, 381 என்று வந்த வரிசையின் கடைசிப் பிள்ளை, 72.2 சிசி, 3.9 கிலோவாட். ஒன்றுக்கொன்று உறவு இல்லை. ஆனால் நேருக்கு நேர் போட்டியாளர்கள்தான். இரண்டும் 6 கிலோவுக்கு மேல், இரண்டும் 4 கிலோவாட்டை ஒட்டி, இரண்டும் நாள் முழுக்க மர வேலை செய்கிறவனுக்கு.

372-இல் எக்ஸ்-டார்க் என்று எழுதியிருந்தால் சிலிண்டருக்குள் முதலில் வெறும் காற்றை அனுப்பிப் புகையைத் தள்ளிவிட்டு, அப்புறம் பெட்ரோல் கலவையை விடும் இன்ஜின். எரிபொருள் 20 சதவீதம் வரை மிச்சம் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. ஒரு வேடிக்கை, எக்ஸ்-டார்க் வந்த 365-உம் அதே 70.7 சிசிதான். பெயரில் 65 அப்படியே நின்றுவிட்டது. சக்தியைக் கொஞ்சம் குறைத்து 3.6 கிலோவாட்டாக வைத்திருக்கிறார்கள்.

சார், எம்எஸ் 261, எம்எஸ் 271 இரண்டுமே 50.2 சிசி. அப்படியிருக்க 261-க்கு ஏன் விலை அதிகம்? 271தானே புதுசு?

வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். விற்கிறவரிடம் கேட்டால் பெரும்பாலும் மழுப்புவார்.

எல்லாக் கம்பெனியிலும் மூன்று சாதி மிஷின் உண்டு. வீட்டு உபயோகம், தோட்டம், தொழில். 271 தோட்டத்துக்கு, 261 தொழிலுக்கு. சிசி ஒன்றாக இருந்தும் 271 தருவது 2.6 கிலோவாட், எடை 5.6 கிலோ. 261 தருவது 3.0 கிலோவாட், எடை 4.9 கிலோ. சக்தி கூட, எடை குறைவு. மூடியைக் கழற்றினால் காரணம் தெரியும். 261-இல் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் மெக்னீசியம், நெடுக்காக இரண்டாகப் பிரியும். சிலிண்டரைத் தனியாகக் கழற்றலாம். 271-இல் இன்ஜினைப் பிளாஸ்டிக் உடம்புக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் மாற்ற வேண்டுமென்றால் மொத்த இன்ஜினையும் வெளியே எடுக்க வேண்டும். கூலியும் அதற்கேற்றபடி ஏறும்.

மாதத்துக்கு இரண்டு நாள் சவுக்கு வெட்டுகிறவருக்கு 271 தாராளம். தினமும் சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கட்டுகிறவர் 261 வாங்கட்டும். ஹஸ்க்வர்னாவில் இந்தப் பிரிவைக் கண்டுபிடிப்பது சுலபம். நம்பருக்குப் பின்னால் எக்ஸ்பி இருந்தால் தொழில் மிஷின். 450-உம் 550 எக்ஸ்பியும் இரண்டுமே 50 சிசிதான், ஆனால் வேறு வேறு உலகம்.

58 சிசி மிஷின் மலிவாக வருகிறதே, 45 சிசி பிராண்ட் மிஷினை ஏன் வாங்க வேண்டும்? உள்ளே இருக்கும் தாளில் போர் 45.2, ஸ்ட்ரோக் 34 மிமீ என்று போட்டிருக்கிறது. (பட்டுக்கோட்டை)

தாளைப் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, கணக்குப் போட்டுவிடலாம். போர் என்பது சிலிண்டரின் விட்டம், ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் ஓடும் தூரம். 45.2-ஐ 45.2-ஆல் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, 34-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுங்கள். 54.5 சிசி வரும். பெட்டி மேல் 58. மூன்றரை சிசி அச்சுக்கூடத்தில் சேர்ந்தது.

சிசியை விடுங்கள், கிலோவாட் எவ்வளவு என்று கேளுங்கள். எடை எவ்வளவு என்று கேளுங்கள். செயின் பிரேக்கைத் தட்டிப் பாருங்கள், பட்டென்று பிடிக்கிறதா? எனக்கு இந்த மிஷின்கள் மேல் வெறுப்பில்லை. உதிரிபாகம் சல்லிசு, விறகு வெட்ட ஓடும். ஆனால் பிரேக் பிடிக்காத மிஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

500ஐ, 540ஐ எக்ஸ்பி என்று ‘ஐ’ போட்டு வருவதெல்லாம் பேட்டரியா?

ஹஸ்க்வர்னா போட்டால் பேட்டரி. ஸ்டில் எம்எஸ் 500ஐ பெட்ரோல் மிஷின், 79.2 சிசி. கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு இன்ஜெக்ஷன், அதைத்தான் அந்த ‘ஐ’ குறிக்கிறது. ஸ்டில் பேட்டரி மிஷின் எம்எஸ்ஏ என்று தொடங்கும், வயர் சொருகுவது எம்எஸ்இ.

மற்ற எழுத்துகள்: ஸ்டில்லில் எம் என்றால் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் எம்-ட்ரானிக், டபிள்யூ என்றால் கைப்பிடிக்கு ஹீட்டர். நம் ஊர் வெயிலுக்கு அதற்குக் காசு கொடுக்காதீர்கள். டி என்றால் மேல்கைப்பிடி, மரமேறிக் கவாத்து செய்யப் பழகியவர்களுக்கு மட்டும். தரையில் நின்று ஒற்றைக் கையில் பிடித்து அறுக்க அல்ல. கையடக்கமாக இருக்கிறது என்று வீட்டுக்கு வாங்காதீர்கள்.

ஸ்டில் செயினும் ஓரிகான் செயினும் மாற்றிப் போடலாமா? 36ஆர்எம், 72எல்பிஎக்ஸ் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது.

மூன்று விஷயம் பொருந்தினால் போடலாம். பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு, அங்குலத்தில்), பார் பள்ளத்தின் அகலம், டிரைவ் லிங்க் (அந்தப் பள்ளத்தில் ஓடும் கண்ணி) எண்ணிக்கை. ஸ்டில் நம்பரில் முதல் எண் பிட்ச்: 2 என்றால் .325, 3 என்றால் 3/8, 6 என்றால் சின்ன மிஷின்களின் தாழ்ந்த 3/8. இரண்டாவது எண் அகலம்: 1 என்றால் 1.1 மிமீ, 3 என்றால் 1.3, 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6. அப்போது உங்கள் 36ஆர்எம் என்பது 3/8, 1.6 மிமீ.

ஓரிகானில் 72, 73, 75 மூன்றும் 3/8தான், அகலம்தான் 1.3, 1.5, 1.6 என்று மாறும். உங்கள் 72 அந்த 1.6 பாரில் ஏறும், ஆனால் தளதளவென்று ஆடி அறுப்பு கோணிக்கொள்ளும். 75 கேட்டு வாங்குங்கள். பாரை மட்டும் கம்பெனி மாற்றிப் போடப் பார்க்காதீர்கள். போல்ட் பள்ளமும் ஆயில் துளையும் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

கடைசியாக ஒன்று: எந்த பிராண்ட்தான் நல்லது?

உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் எதற்கு ஸ்பிராக்கெட் கிடைக்கிறதோ அது.

அந்த 36ஆர்எம்முக்கு எத்தனை மிமீ அரம், அண்ணா? கடையில் 4.8 கொடுத்துவிட்டார்கள்.

5.2. கொடுத்தது .325 செயினுக்கானது, போய் மாற்றிக்கொள்ளுங்கள்.